கிணற்றை அடைத்த கதை

கிணறு வெட்டியவன் பெயர் ஊரில் இருக்கும். அவன் எந்த ஆண்டில் வெட்டினான், எத்தனை அடியில் ஊற்று கண்டான் என்றெல்லாம் பெரியவர்கள் சொல்லிக் கொண்டிருப்பார்கள். கிணற்றை அடைத்தவனைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. என் வாழ்நாளில் நான் தோண்டிய துளைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒழுங்காக, அடியிலிருந்து நுனி வரை அடைத்து முடித்த ஒரு துளையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் பகாங் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். 1975-ஆம் ஆண்டில், எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, மாமன் மகன் ஒருவர் என்னைப் பேராக்கில் ஈயம் தேடும் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். அங்கேதான் 'பங்கா டிரில்' என்பதை முதன்முதலாகப் பார்த்தேன். நாலு அங்குல இரும்புக் குழாய். அதன் தலையில் ஒரு பலகை மேடை. மேடைமேல் நாங்கள் நாலைந்து பேர் ஏறி நிற்போம். எங்கள் பாரம்தான் குழாயைக் கீழே அமுக்கும். இன்னும் சிலர் கீழே நின்று கழியைப் பிடித்துக் கொண்டு செக்குமாடு போலச் சுற்றி வருவார்கள். குழாய்க்குள் வந்த மணலை வாரி, டூலாங்கில் அலசி, எவ்வளவு ஈயம் தங்குகிறது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். வேலை முடிந்தால் குழாயை உருவிக் கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். வண்டல் மண் என்பதால் துளை தானாகச் சரிந்து மூடிக்கொள்ளும். அதைத் திரும்பிப் பார்க்கும் வழக்கமே கிடையாது.

1985-ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயம் விழுந்தது. ஈயக் குட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. அதன்பின் எனக்குச் சோறு போட்டது, ரோடு போடவும் மாடிக் கட்டடம் கட்டவும் மண்ணைச் சோதிக்கும் வேலை. பிறகு தண்ணீருக்குத் துளையிடும் வேலை. இப்படிச் சுற்றிச் சுற்றி 2012-ஆம் ஆண்டில் பிறந்த மண்ணுக்கே, பகாங்கில் ஒரு தங்கச் சுரங்கத்துக்கு, குத்தகைக்காரரின் துளைக் கருவியோடு வந்து சேர்ந்தேன்.

பகாங்கில் தங்கமா என்று இளையவர்கள் கேட்கக்கூடும். கிளந்தானிலிருந்து பகாங் வழியாகத் தெற்கே ஓடும் ஒரு பட்டையில் தங்கம் கிடக்கிறது. ரவுப் பட்டணத்தில் 1889-ஆம் ஆண்டிலேயே கம்பெனி வைத்துத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது அந்தக் காலத்தைப் போலக் கட்டியாகத் தங்கத்தைப் பொறுக்குவதில்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து தண்ணீரோடு வந்துவிடும். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சேறு பெரிய அணைக்கட்டுப் போட்ட குளத்துக்குப் போகும். அந்தச் சேற்றில் மிச்சம் மீதி சயனைடு இருக்கும். தங்கம் இருக்கும் பாறையில் பெரும்பாலும் ஆர்சனிக் என்னும் நஞ்சும் கூடவே இருக்கும். அதுவும் சேற்றோடு போகும். வெயில் படும் குளத்தில் சயனைடு நாளடைவில் சிதைந்து போகும். வெயில் படாத பூமிக்குள் புகுந்துவிட்டால் அவ்வளவு சுலபத்தில் போகாது. ஆர்சனிக்கோ எங்கே போனாலும் ஆர்சனிக்குதான்.

ஆகையால் அந்தக் குளத்தைச் சுற்றி, குறிப்பாக அதன் கீழ்ப்புறத்தில், சின்னச் சின்னக் குழாய்க் கிணறுகள் போட்டிருப்பார்கள். அவற்றில் யாரும் தண்ணீர் எடுத்துப் புழங்குவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். குளம் கசிகிறதா, கசிந்தால் எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிப்பதற்கான கிணறு அது. கண்காணிப்புக் கிணறு என்று படித்தவர்கள் சொல்வார்கள். நான் வீட்டில் என் மனைவியிடம், "வேவு பார்க்கிற கிணறு" என்பேன்.

அதன் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்; அப்போதுதான் பின்னால் வருவது விளங்கும். பூமியில் ஆறு அங்குலத்துக்கு ஒரு துளை. அதற்குள் இரண்டு அங்குல பிளாஸ்டிக் குழாய். குழாயின் அடிப்பாகத்தில் மட்டும் நூல் போன்ற கீறல்கள். அவற்றின் வழியே தண்ணீர் உள்ளே வரும். கீறல் உள்ள பகுதியைச் சுற்றிச் சலித்த மணல். மணலுக்கு மேலே ஒரு மீட்டருக்குப் 'பெண்டோனைட்டு' என்னும் களிமண். இது தண்ணீர் பட்டதும் ஊறிப் பருத்து, மாவு உப்பியது போலத் துளையை இறுக்கிக் கொள்ளும். அதற்கு மேலே தரை வரை சிமெண்டுக் கரைசல். தரைக்கு மேலே ஓர் இரும்புக் கூடு, பூட்டு, சுற்றிலும் சிமெண்டுத் திண்ணை. இத்தனையும் எதற்கென்றால், மழைத்தண்ணீர் குழாயின் வெளிப்புறமாக வழிந்து கீழே போய்விடக் கூடாது என்பதற்காக.

நாங்கள் அந்த முறை சாம்பிள் எடுக்கப் போனபோது ஒரு கிணற்றின் இரும்புக் கூடு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. திண்ணை மூன்று துண்டாகப் பிளந்திருந்தது. லோரி ஒன்று பின்னால் வரும்போது இடித்திருக்க வேண்டும்; சக்கரத் தடம் இருந்தது. யாரும் மேலே அறிவிக்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் மட்டும் உடைந்த குழாயின் வாயில் ஒரு காலி மைலோ டின்னைக் கவிழ்த்து வைத்திருந்தான். அவன் மனசாட்சி அந்த அளவுக்கு வேலை செய்திருக்கிறது.

எங்களோடு சுரங்கத்தின் நிலவியல் அதிகாரி வந்திருந்தார். கிளந்தானைச் சேர்ந்த மலாய்ப் பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். என்னை "அங்கிள்" என்றுதான் கூப்பிடுவார். அவர் முதலில் ஒரு சின்ன எடையைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தார். ஏழு மீட்டரில் நின்றுவிட்டது. மெல்லிய அளவு நாடா மட்டும் நெளிந்து உள்ளே போயிற்று. அதாவது, குழாய் மேலே உடைந்தது மட்டுமன்றி, உள்ளேயும் நசுங்கியிருக்கிறது.

நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டால் மேலே கருவி 'பீ' என்று கத்தும். 11.4 மீட்டரில் தண்ணீர் இருந்தது. ஐந்து மீட்டர் தள்ளி, அதே ஆழத்தில் இன்னொரு கிணறு உண்டு. அதில் 11.3. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே, அப்படியென்றால் மோசமில்லை என்று நான் நினைத்தேன். அந்தப் பெண் போகவில்லை. "மழை வரும், அங்கிள். இருந்து பார்த்துவிட்டுப் போவோம்" என்றார். நவம்பர் மாதம், சாயங்காலம் சொல்லி வைத்தாற்போல் மழை கொட்டியது. ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோது பக்கத்துக் கிணற்றில் அதே 11.3. உடைந்த கிணற்றில் 8.9. இரண்டரை மீட்டர் ஏறியிருந்தது! அள்ளிப் பார்த்தால் செம்மண் கலங்கல்.

அந்த இடத்தில் பூமி எப்படியென்றால், மேலே செம்மண். அதன் கீழே ஒன்பது மீட்டர் வரைக்கும் கெட்டியான மஞ்சள் களி. அதற்கும் கீழே வெடிப்பு விட்ட பாறை. தண்ணீர் ஓடுவது பாறை வெடிப்பில். நடுவில் உள்ள களி, பானைக்குத் தட்டு மூடினாற்போலப் பாறைத் தண்ணீரைக் காத்துக் கொண்டிருக்கிறது. களிக்குள் தண்ணீர் ஆண்டுக்குச் சில அங்குலம் நகர்ந்தால் அதிகம். வெடிப்புக்குள் போய்விட்டாலோ ஒரே நாளில் பல அடி போகக்கூடும். வேவு பார்ப்பதற்காக அந்த மூடியில் நாங்கள்தான் ஓட்டை போட்டோம். கிணறு நன்றாக இருந்தவரை ஓட்டையில் தக்கை இருந்தது. உடைந்ததும் தக்கை போய்விட்டது. குளத்தின் அணைக்கட்டிலிருந்து வழியும் தண்ணீரும் சுரங்கத்து ரோட்டுக் கழிவும் அந்தக் குழாய் வழியே, களியைத் தாண்டி, நேரே பாறைக்குள் இறங்கும் நிலைமை. அழுக்கு போகிறதா என்று பார்க்க வைத்த கிணறே அழுக்கு போகும் வழியாக ஆகிவிட்டது.

அந்தப் பாறைத் தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் போகிறது. பள்ளத்தில் ஒரு தோட்டம் இருக்கிறது. முன்பு ரப்பர், இப்போது செம்பனை. அங்கே என் அக்காள் குடியிருக்கிறார்.

இங்கேதான் தகராறு ஆரம்பித்தது.

குத்தகைத் தவுக்கேயின் மேற்பார்வையாளர் மறுநாள் வந்து பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கணக்குப் பார்க்கிறவர். "இதற்கு என்ன பெரிய வேலை? குழாய்க்குள் மணலைக் கொட்டு. மேலே ஒரு வாளி சிமெண்டு ஊற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். எங்கள் கூலியாட்களிலும் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். மழைக்காலத்தில் சேற்றில் நின்று மூன்று நாள் துளையிட யாருக்குத்தான் ஆசை?

நான் ஒரு கூலிக்காரன். எனக்கு முதலாளி தவுக்கே. ஆனாலும் மணல் என்பது தண்ணீரை வடிய விடுவதற்குப் போடுகிற பொருள் என்பது தோட்டத்தில் பீலி வெட்டிய எவனுக்கும் தெரியும். குழாயை மணலால் நிரப்பினால் தண்ணீர் நிற்காது. மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இன்னொன்று, குழாய்க்கு வெளியே துளைக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற சிமெண்டும் இடித்த வேகத்தில் விண்டிருக்கும். உள்ளே எதைப் போட்டு அடைத்தாலும் வெளிவிரிசல் அப்படியே இருக்கும். இதை நான் அவரிடம் சொன்னேன். "நீ தோண்டுகிறவன், தோண்டு" என்றார்.

நிலவியல் பெண்மணி ஒன்றும் பேசவில்லை. தம் கோப்பைத் திறந்து, கிணற்றை மூடும் படிவத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை, எந்தப் பொருள், எத்தனை மூட்டை என்று எழுத வேண்டிய கட்டங்கள் அதில் இருந்தன. "நீங்கள் சொன்னபடியே செய்யலாம். 'மணல், ஒரு வாளி சிமெண்டு' என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நான் அரசாங்கத்துக்கு அனுப்பி விடுகிறேன்" என்றார். அவர் பேனாவைத் தொடவில்லை. அன்று மத்தியானமே கருவியை மேட்டுக்கு ஏற்றச் சொல்லிவிட்டார்.

மூன்று நாள் வேலை. முதல் நாள் பழைய குழாய்க்குள் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை இறக்கினோம். அந்தக் கம்பிதான் வழிகாட்டி. அதைச் சுற்றிக் கொண்டு எங்கள் பெரிய இரும்புக் குழாய், பழைய துளையின் மேலேயே, அதே நேர்கோட்டில் இறங்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் புதுத் துளை ஒன்று உண்டாகிவிடும். பழையது பக்கத்தில் அப்படியே திறந்து கிடக்கும். விலகவில்லை என்று எப்படித் தெரியும்? மேலே வருகிற சேற்றைப் பார்த்துத்தான். சாம்பல் நிறச் சிமெண்டுத் துணுக்கு வந்தால் சரி. வெள்ளைப் பிளாஸ்டிக் சீவல் வந்தால் சரி. வெறும் மஞ்சள் களி மட்டும் வந்தால் நிறுத்து! அப்படி இரண்டு முறை நிறுத்தி, தூக்கி, நேராக்கி மறுபடி இறக்கினோம். இருபது மீட்டர் தாண்டியதும் பெண்டோனைட்டு வந்தது. தேங்காயெண்ணெய் பூசினாற்போல வழவழவென்று, கையில் பிடித்தால் நழுவும்.

இரண்டாம் நாள் பழைய குழாயை உருவினோம். மூன்று மீட்டர்த் துண்டுகளாக வந்தன. நசுங்கிய துண்டும் வந்தது. சப்பிப் போட்ட கரும்புச் சக்கை மாதிரி. எல்லாவற்றையும் புல்லின்மேல் வரிசையாக அடுக்கி அந்தப் பெண் நாடா வைத்து அளந்தார். கிணறு போட்ட நாளில் எழுதிய குறிப்பின்படி 28 மீட்டர் இருக்க வேண்டும். நாற்பது சென்டிமீட்டர் குறைந்தது. அடிமூடியோடு ஒரு துண்டு உள்ளேயே நின்றுவிட்டது. "அது கிடக்கட்டும்" என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை. நம் தோட்டங்களில் வாளி கிணற்றில் விழுந்தால் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுவோமே, அதேபோல் ஒரு கொக்கியைக் கம்பியின் நுனியில் பற்றவைத்து நானே செய்தேன். மூன்று மணி நேரத் துழாவலுக்குப் பிறகு அது மாட்டி வந்தது. எனக்குப் பழைய வித்தை ஒன்று பயன்பட்டதில் பெருமைதான்.

மூன்றாம் நாள் அடைப்பு. ஆறு அங்குலத் துளை, 28 மீட்டர். கணக்குப்படி ஏறக்குறைய 500 லிட்டர் கொள்ளும். 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றைத் தண்ணீரில் கரைத்தால் நாற்பது லிட்டர் சொச்சம் வரும். ஆக, பன்னிரண்டு மூட்டை. சிமெண்டு காயும்போது சுருங்கி விரிசல் விடாமல் இருக்க மூட்டைக்கு இரண்டரைக் கிலோ பெண்டோனைட்டு. அதைத் தண்ணீரில் முதலில் ஊறவைத்துவிட்டுத்தான் சிமெண்டைப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் பெண்டோனைட்டு சரியாக ஊறாது.

கரைசலை வாளியில் மொண்டு மேலிருந்து ஊற்றிவிடலாமே என்று தோன்றும். ஊற்றக் கூடாது. உள்ளே தண்ணீர் நிற்கிறது. மேலிருந்து விழும் சிமெண்டு தண்ணீரில் கரைந்து பிரிந்துபோகும். மணல் தனி, மாவு தனி என்பது போல. அல்லது நடுவழியில் எங்காவது அடைத்துக் கொண்டு நிற்கும். மேலே நிரம்பிவிட்டதாகத் தெரியும், கீழே வெற்றிடமாக இருக்கும். ஆகவே ஒரு சின்னக் குழாயைத் துளையின் அடிவரை இறக்கி, அதன் வழியே கரைசலைப் பம்பு வைத்து அனுப்ப வேண்டும். அடியிலிருந்து கரைசல் எழும்ப எழும்ப, பழைய தண்ணீரை அது மேலே தள்ளிக்கொண்டு வரும். சின்னக் குழாயையும் எங்கள் இரும்புக் குழாயையும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுப்போம். ஆனால் சின்னக் குழாயின் நுனி எப்போதும் கரைசலுக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும். வெளியே வந்த தண்ணீரைக்கூட வாய்க்காலில் விடவில்லை. டிரம்மில் பிடித்துச் சேற்றுக் குளத்திலேயே கொண்டுபோய் ஊற்றினோம்.

பன்னிரண்டு மூட்டை முடிந்தது. கரைசல் மேலே வரவில்லை. பதின்மூன்று, பதினாலு. மேற்பார்வையாளர் வந்து இடுப்பில் கைவைத்துக் கொண்டு நின்றார். பதினைந்தாவது மூட்டையைப் பிரிக்கும்போது எனக்கே பயம். பாறை வெடிப்பு குடித்துக் கொண்டிருந்தது. அவ்வளவு வாய் திறந்த வெடிப்பு அங்கே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த வாயில் ஒவ்வொரு மழைக்கும் என்னென்ன இறங்கியிருக்கும்! பதினேழாவது மூட்டையில் முதலில் கலங்கல் தண்ணீர் நின்று, பிறகு வெளுத்த கஞ்சி வந்து, கடைசியில் கெட்டியான சாம்பல் குழம்பு தரைமட்டத்துக்கு வந்து நின்றது. அந்தப் பெண் அதில் ஒரு கிண்ணம் மொண்டு எடை போட்டார். கலக்கும் தொட்டியில் இருந்த எடையும் மேலே வந்ததன் எடையும் ஒன்றாக இருந்தன. "சரி, அங்கிள்" என்றார்.

இரவில் கரைசல் அமுங்கும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது இரண்டடி இறங்கியிருந்தது. மறுபடி கலந்து, தரைக்கு ஒரு மீட்டர் கீழ்வரை நிரப்பி, அதற்கு மேலே களிமண் போட்டு இடித்துக் கெட்டித்தோம். சாய்ந்த இரும்புக் கூட்டை லோரியில் ஏற்றினோம். நாலு மீட்டர் தள்ளிப் புதுக் கிணறு ஒன்று போட்டு, பழைய எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். இந்த முறை சுற்றிலும் நாலு இரும்புத் தூண் நட்டு மஞ்சள் சாயம் அடித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்குப் போனேன். விஷயம் அதற்குள் தோட்டத்துக்கு எட்டியிருந்தது. எப்படி எட்டும் என்று கேட்காதீர்கள். தோட்டத்தில் எட்டாத விஷயம் எது?

"ஏண்டா தம்பி, மேலே ஏதோ குழாய் ஒடஞ்சி வெசம் எறங்கிடுச்சாமே? எங்க கெணத்துத் தண்ணி நல்லதா கெட்டதா? ஒளிக்காம சொல்லு."

குடிப்பதற்குப் பைப்புத் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் காய்ச்சல் காலத்தில், பிப்ரவரி மார்ச்சில், பைப்பில் காற்றுத்தான் வரும். அப்போது அந்த வரிசை வீடுகள் அத்தனைக்கும் அக்காள் வீட்டுப் பின்னால் உள்ள கிணறுதான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சுரங்கத்துக் கிணறுகளின் கணக்கு சுரங்கத்துக்குச் சொந்தம். அதைக் கூலிக்காரன் வெளியே சொல்ல முடியாது. அக்காள் கிணற்றைப் பற்றியோ சொல்வதற்கு ஒரு கணக்கும் இல்லை. அதை யாரும் ஒருநாளும் சோதித்ததில்லை. "இப்போதைக்கு அதில் குடிக்காதே, அக்கா. கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

"நாப்பது வருசமா குடிச்சிட்டு இப்ப குடிக்காதேங்கிறே. நீ வேலை செய்யற எடத்துக்காரன் பேச்சு பேசறே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு போட்டது மருமகள்தான்.

மறுநாள் நிலவியல் பெண்ணிடம் சொன்னேன். அவர் மேலாளரிடம் பேசி, அடுத்த முறை சாம்பிள் எடுக்கும்போது அக்காள் கிணற்றையும் சேர்த்துக் கொள்ள அனுமதி வாங்கினார். வந்தார், தோசை சாப்பிட்டார், மூன்று பாட்டில் எடுத்தார். சயனைடு பார்க்கும் பாட்டிலில் காரம் சேர்த்திருக்கும். இல்லாவிட்டால் போகும் வழியிலேயே அது காற்றாய்ப் பறந்துவிடும். ஆர்சனிக் முதலியவற்றைப் பார்ப்பதில் அமிலம் சேர்த்திருக்கும். கிருமி பார்ப்பது வெறும் சுத்தமான பாட்டில். அதை ஐஸ் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். அக்காள் அவர் செய்வதையெல்லாம் வாசற்படியில் நின்று கவனித்துக் கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. சயனைடு இல்லை. ஆர்சனிக், குடிநீருக்கு விதித்த லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் இருந்தது. ஆனால் மலக்கிருமி நிறைய! கிணற்றிலிருந்து இருபதடியில் பழைய கக்கூசுக் குழி. அதுவும் மேட்டுப்புறத்தில்.

அக்காள் அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மேல இருக்கிறவனையே பாத்துக்கிட்டு இருந்தேன். சனியன் நம்ம பொடக்காலியிலயே குந்தியிருக்கு" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தப் பெண்ணுக்கு நான் மலாயில் சொன்னதும் அவரும் சிரித்தார். ஆனால் போகும்போது ஒன்று சொன்னார்: "அங்கிள், இன்றைக்குச் சயனைடு இல்லை என்பது இன்றைக்கு மட்டும்தான். உடைந்த குழாய் வழியே இறங்கியது இன்னும் வந்து சேராமலும் இருக்கலாம். புதுக் கிணற்றில் தொடர்ந்து பார்க்க வேண்டும்." அவர் அங்கே இருந்த மூன்று ஆண்டுகளும் அக்காள் கிணற்றிலும் ஒரு பாட்டில் எடுத்துக் கொண்டே இருந்தார். கெடுதலாக ஒன்றும் வரவில்லை. கக்கூசுக் குழியை அக்காள் மகன் அந்த மாதமே தூர்த்துவிட்டான்.

தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு அக்டோபரில், திருச்சி மாவட்டம் மணப்பாறைக்குப் பக்கத்தில், கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து நாலு நாள் போராட்டத்துக்குப் பிறகு பிணமாக எடுத்ததை நம் வீடுகளிலும் தொலைக்காட்சியில் பார்த்து அழுதோம். கைவிட்ட துளைகளை அடியிலிருந்து தரைவரை களியோ மணலோ கல்லோ போட்டு நிரப்ப வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருந்தது. அது குழந்தை விழாமல் இருப்பதற்கு. இரண்டு அங்குலக் குழாயில் குழந்தை விழாது. ஆகவே அதை யாரும் அவசரமாக நினைப்பதில்லை. தண்ணீர் விழுமே! அதற்கு மணலும் கல்லும் போதாது.

நம் தோட்டங்களில் எத்தனை பழைய கிணறுகள்! லயங்களை இடித்தார்கள், மக்கள் தாமானுக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டார்கள், செம்பனை நட்டார்கள். கிணறு மட்டும் இரண்டு பலகையும் ஒரு தகரமும் மூடியபடி புல்லுக்குள் கிடக்கிறது. அதில் பழைய டயர், பூச்சிமருந்து டின், செத்த நாய் எல்லாவற்றையும் போடுகிறோம். அந்த ஊற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். அதை மூடுவதற்கு எங்களைப் போல் சிமெண்டுக் கரைசல் தேவையில்லை, கட்டுப்படியும் ஆகாது. முதலில் உள்ளே கிடக்கும் குப்பையை வெளியே எடுக்க வேண்டும். இதற்காக யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. பாழுங்கிணற்றில் கெட்ட காற்று தங்கியிருக்கும், இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து மடிந்த சம்பவங்கள் பல உண்டு. குப்பை எடுத்த பின் குளோரின் கரைத்து ஊற்றி, ஒரு நாள் விட்டு, தண்ணீர் நிற்கும் மட்டம் வரை சுத்தமான மணல். அதற்கு மேலே களிமண்ணை ஓரடிக்கு ஓரடி போட்டு இடித்துக் கெட்டிக்க வேண்டும். மேல் உறை ஒன்றிரண்டை உடைத்து எடுத்துவிட்டு, களியைச் சுவருக்கு வெளியேயும் படர விட்டு, தரையைவிடக் கொஞ்சம் மேடாக முடித்தால் மழைத்தண்ணீர் அங்கே தேங்காது.

2013-ஆம் ஆண்டில் அக்காள் தோட்டத்துப் பழைய லயக் கிணற்றை இப்படித்தான் மூடினோம். நாலடி விட்டம், இருபத்தாறு அடி ஆழம். முந்நூற்று இருபத்தேழு கன அடி. தோட்ட நிர்வாகம் இரண்டு லோரி மண் கொடுத்தது. மணலை நாங்கள் வீட்டுக்குப் பத்து வெள்ளி போட்டு வாங்கினோம். பம்பு வைத்து இறைத்து, சுரங்கத்தில் செய்த அதே கொக்கியைக் கொண்டுவந்து துழாவினேன். இரண்டு சைக்கிள் சக்கரம், ஒரு பால் வாளி, எண்ணிக்கையில்லாத பாட்டில், கடைசியில் சேறு அப்பிய ஒரு பித்தளைச் செம்பு. புளி போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று வந்துவிட்டது. தன் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்து, கைதவறி விழுந்த செம்பு அது என்று அக்காள் உடனே அடையாளம் சொன்னார். செம்பு அவர் வீட்டில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா இன்று வரை அது தன்னுடையது என்றுதான் சொல்கிறார்.